பாலையில் ஒரு பச்சைத் திடல்: லாஸ் வேகாஸுக்குக் கோல்ஃப் ஆடப் போவது தகுமா?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்துக்குள் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் லாஸ் வேகாஸ் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை ஏறக்குறைய 4 அங்குலம். ஜூலையில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி பதிவானது. இப்படிப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ ஐம்பது கோல்ஃப் திடல்கள் உள்ளன. சூதாட்ட விடுதிகளுக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கோல்ஃப் மட்டைகளோடு வருகிறார்கள். கோல்ஃபுக்காகவே வருகிறவர்களும் உண்டு.

அப்படிப் போவது தகுமா என்று கேட்டால் பயண முகவரிடம் விடை தயாராக இருக்கும்: குளிர்மாதங்களில் வானம் தெளிந்திருக்கும், திடல்கள் தரமானவை, தங்கும் அறைகளுக்குப் பஞ்சமில்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால் 'தகுமா' என்ற கேள்வி இதைத் தாண்டிப் போகிறது. ஓர் இன்பம், அதற்காகச் செலவாகும் பொருளுக்கும் காலத்துக்கும் ஈடாகுமா, அதற்காக வேறு யாரோ இழக்கும் ஒன்றுக்கும் ஈடாகுமா என்று கேட்பது அது. மெய்யியலும் சமயங்களும் நெடுங்காலமாக எடைபோட்டு வரும் கேள்வி இது. இயல்பில் எதிரெதிரான இரண்டு ஆட்டங்கள் லாஸ் வேகாஸில் ஒரே கூரையின்கீழ் விற்கப்படுகின்றன. இரண்டுக்கும் அடியில் ஒரு பாலைவனம் கிடக்கிறது. அதனால் இந்தக் கேள்வி அங்கே கூர்மை பெறுகிறது.

கோல்ஃப் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வளர்ந்தது. கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையே அங்கே மேடும் பள்ளமுமான மணல் நிலம் உண்டு. பயிருக்கு உதவாத அந்த மண்ணில் குட்டைப் புல் தானே முளைக்கும். செம்மறி ஆடுகள் அதை மேய்ந்து மட்டமாக்கும். கடற்காற்றுக்கு ஒதுங்கி அவை படுத்த பள்ளங்கள் மணற்குழிகளாக மாறும். ஆட்டக்காரர்கள் அந்த நிலத்தை அமைக்கவில்லை. கிடந்த நிலத்தில் வழி கண்டார்கள். ஆட்டத்தின் ஆதி நெறி இந்த நிலத்திலிருந்து வந்தது: பந்து எங்கே விழுந்து கிடக்கிறதோ அங்கிருந்தே அதை ஆட வேண்டும், திடல் எப்படி இருக்கிறதோ அப்படியே அதை ஏற்க வேண்டும். விதிப் புத்தகம் எத்தனையோ முறை திருத்தப்பட்ட பின்னும் இந்த நெறி அதன் முதன்மைக் கருத்தாக நிற்கிறது.

இந்த ஆட்டத்தின்மேல் அரசுக்கும் திருச்சபைக்கும் ஐயம் இருந்தது. 1457இல், இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், வில் பயிற்சியைக் கெடுக்கிறது என்று கோல்ஃபையும் கால்பந்தையும் தடைசெய்தது. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, வழிபாட்டு நேரத்தில் ஆடியவர்களைத் திருச்சபை மன்றங்கள் அழைத்துக் கண்டித்தன. ஓய்வுநாளின் அந்த நினைவு இன்னும் ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறது. கோல்ஃபின் தாயகமாகப் போற்றப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடல், பெரும் போட்டி நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடப்படுகிறது. அன்று ஊர்மக்கள் அதன் புல்லில் காலார நடக்கிறார்கள். உலகெங்கும் இருந்து ஆட்டக்காரர்கள் காத்துக் கிடக்கும் ஓர் இடம் வாரத்தில் ஒருநாள் வருவாயை விட்டுக்கொடுக்கிறது. நிலத்துக்கும் ஓய்வு உரியது என்று ஏழாம் ஆண்டில் வயலைத் தரிசாக விடச் சொன்ன விவிலியத்தின் லேவியராகமச் சட்டத்தின் சாயல் இதில் தெரிகிறது.

விளையாட்டு என்றால் என்ன என்பதற்கு, கனடாவில் கற்பித்த மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட 'தி கிராஸ்ஹாப்பர்' நூலில் ஓர் இலக்கணம் வகுத்தார். தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அதன் சாரம். கோல்ஃபையே அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். சிறு பந்தைக் குழிக்குள் சேர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் கையில் எடுத்துப் போய்ப் போட்டுவிடலாம். தொலைவில் நின்று மட்டையால் அடித்துத்தான் சேர்ப்பேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்ளும்போதுதான் கோல்ஃப் பிறக்கிறது. தடையை மனமார ஏற்பது ஆட்டத்தின் உயிர். காற்று, சரிவு, மணல், தன் கையின் தவறு ஆகிய எல்லாமே அந்தத் தடையில் அடங்கும். 1925 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், வேறு யாரும் கவனிக்காதபோதும் பந்து அசைந்துவிட்டது என்று தாமே சொல்லித் தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் சமநிலையாகி, கூடுதல் ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றார். நடுவர் உடன் வராத ஓர் ஆட்டத்தில் இப்படிப்பட்ட நேர்மை இல்லாவிட்டால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை.

சூதாட்டம் வேறு வகை. பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958இல் ஆட்டங்களை நான்காகப் பகுத்தார். திறமையோடு திறமை மோதுவது ஒன்று. தற்செயலுக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது மற்றொன்று. வேடம் பூணுவதும் தலைசுற்றலை நாடுவதும் மற்ற இரண்டு. கோல்ஃப் முதல் வகை. ரூலெட் இரண்டாம் வகை. அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஒரே எண்ணில் பணம் கட்டி வென்றால் கிடைப்பது 35 மடங்கு. கட்டப்படும் ஒவ்வொரு 100 டாலரிலும் நீண்ட கால அளவில் 5.26 டாலர் விடுதிக்குப் போய்ச் சேரும். இதில் ஏமாற்று ஏதுமில்லை. கணக்கு எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பழகினாலும் ஆட்டக்காரரின் கை அந்தக் கணக்கை மாற்றாது. கோல்ஃபில் ஒருவர் பத்தாண்டு உழைத்தால் கொஞ்சமேனும் தேறுவார். ரூலெட்டில் உழைப்பு என்பதற்கே இடமில்லை.

17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பிளெய்ஸ் பாஸ்கல் இந்த இரண்டு பக்கங்களையும் உள்ளிருந்து அறிந்தவர். 1654இல் கணித அறிஞர் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதங்களில், பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று ஆராய்ந்து நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடியிட்டார். பின்னாளில் எழுதிய சமயச் சிந்தனைகளில் சூதாடியின் மனத்தை ஆராய்ந்தார். நாள்தோறும் சூதில் வெல்லக்கூடிய பணத்தை, ஆடாமலிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவனிடமே கொடுத்துவிட்டால் அவன் மகிழ மாட்டான். பணயம் எதுவும் வைக்காமல் வெறுமனே ஆடு என்றாலும் சலித்துப்போவான். அவன் தேடுவது பணமும் அன்று, ஆட்டமும் அன்று. தன்னை நினைக்கவிடாத ஒரு பரபரப்பு. பாஸ்கலின் பார்வையில், அறையில் தனியே அமைதியாக இருக்க முடியாத மனித மனம் கண்டெடுத்த தப்பிக்கும் வழி இது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு மானிடவியலாளர் நடாஷா டௌ ஷூல், லாஸ் வேகாஸில் இயந்திரச் சூதாடிகளிடையே நெடுங்காலம் ஆய்வு செய்து 2012இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டதும் இதையே ஒத்திருந்தது. இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்கள் பலர் வெல்வதற்காக ஆடவில்லை. காலமும் இடமும் உடலும் மறைந்துபோகும் ஒரு நிலையில் நீடிப்பதற்காகவே ஆடினார்கள். சாளரமோ கடிகாரமோ இல்லாத கூடங்கள் அந்த நிலைக்குத் தோதானவை.

சமயங்கள் சூதைப் பார்த்த விதம் ஒன்றுபோல் இல்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூதாடியின் புலம்பல் இருக்கிறது. திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. புத்தர் சிகாலன் என்ற இல்லறத்தானுக்குச் சொன்ன அறிவுரையில் அதைச் செல்வம் கரையும் வழிகளுள் ஒன்றாக எண்ணுகிறார். குர்ஆன் அதை மதுவோடு சேர்த்து விலக்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபை சற்று வேறுபட்டு, வாய்ப்பை நம்பும் ஆட்டம் தன்னளவில் அநீதி அன்று என்கிறது. தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் தேவையானதைப் பறிக்கும்போது அது தவறாகிறது, அந்த வேட்கை மனிதரை அடிமையாக்கும் அபாயம் உண்டு என்று எச்சரிக்கிறது. லாஸ் வேகாஸில் இந்தக் கொள்கைக்கு ஒரு கட்டடமே சாட்சி. சூதாட்ட விடுதிகளின் பெருந்தெருவை ஒட்டி 1963இல் எழுந்த கார்டியன் ஏஞ்சல் தேவாலயம், டெசர்ட் இன் விடுதியின் உரிமையாளர்களுள் ஒருவரான மோ டாலிட்ஸ் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. அதன் காணிக்கைத் தட்டில் சூதாட்டச் சில்லுகளும் விழுவது ஊரறிந்த செய்தி.

நெவாடா 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. கோல்ஃபும் சூதும் அங்கே கைகோத்ததில் அதே டெசர்ட் இன்னுக்குப் பெரும்பங்கு உண்டு. 1950இல் திறந்த அந்த விடுதி 1952இல் தன் திடலை அமைத்தது; 1953இல் வெற்றியாளர்களை மட்டும் அழைத்து ஒரு போட்டி நடத்தியது. முதலாண்டில் வென்ற அல் பெசலிங்குக்கான பரிசு 10,000 டாலர். அதை வெள்ளி நாணயங்களாக ஒரு தள்ளுவண்டியில் கொட்டிக் கொடுத்தார்கள். அந்தப் படம் நாடெங்கும் போனது. திடல் அதன் புல்லுக்காக அமைக்கப்பட்டதன்று, மேசைக்கு ஆள் சேர்க்கவே அமைக்கப்பட்டது என்பதை அந்தத் தள்ளுவண்டி மறைக்கவில்லை. 43 ஆண்டுகள் கழித்து, 1996 அக்டோபரில், டைகர் வுட்ஸ் தம் முதல் பி.ஜி.ஏ. சுற்றுப்போட்டி வெற்றியைப் பெற்றதும் இந்த நகரில்தான். டேவிஸ் லவ்வை அவர் கூடுதல் ஆட்டத்தில் வென்றார்.

பெரிய சூதாடிகளுக்கு விடுதிகள் அறையும் உணவும் கோல்ஃபும் இலவசமாகக் கொடுப்பது பழைய வழக்கம். ஒருவர் சராசரியாக எவ்வளவு கட்டுகிறார், எத்தனை மணி நேரம் ஆடுகிறார், அந்த ஆட்டத்தில் விடுதிக்கு எத்தனை விழுக்காடு சேரும் என்று பெருக்கி, அவர் இழக்கப்போகும் தொகையை முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். அதில் ஒரு பங்குதான் 'இலவசமாக' அவருக்குத் திரும்பி வருகிறது. இதைக் கொடை என்று கொள்ள முடியாது. அரிஸ்டாட்டில், விளையாட்டு என்பது மேலும் நன்றாக உழைக்க உதவும் இளைப்பாறல் என்றார். அதனினும் உயர்ந்தது, வேறொன்றுக்காக அல்லாமல் தனக்காகவே நாடப்படும் ஓய்வு என்றார். மேசைகளுக்கு நடுவே மூச்சுவிட ஆடப்படும் கோல்ஃப் இரண்டிலும் சேராது. அது மேலும் இழப்பதற்காகப் பெறும் இளைப்பாறல். அந்த வகைப் பயணத்தைத் தகும் என்று சொல்ல எந்த மெய்யியலிலும் வழி இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோல்ஃபும் பந்தயத்துக்கு அந்நியமானதன்று. ஒவ்வொரு குழிக்கும் பணம் வைத்து ஆடுவது அந்த ஆட்டத்தில் தொன்றுதொட்டு உண்டு. கல்லில் பட்டுத் திசைமாறும் பந்து, திடீரென வீசும் காற்று ஆகியவற்றையும் அது தனக்குள் வைத்திருக்கிறது. ஆனால் தற்செயல் அங்கே திறமைக்கு எதிரில் நிற்கும் ஒரு சோதனை. அதை ஆட்டக்காரர் எப்படித் தாங்குகிறார் என்பதில் ஆட்டத்தின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

இரண்டு ஆட்டங்களும் எவ்வளவு நெருங்க முடியும் என்பதற்கு ஷாடோ கிரீக் சிறந்த சான்று. விடுதி அதிபர் ஸ்டீவ் வின், வடிவமைப்பாளர் டாம் ஃபாசியோவைக் கொண்டு நகரின் வடக்கே தட்டையான பாலை நிலத்தில் அமைத்த இந்தத் திடல் 1989இல் முடிந்தது. மண்ணைத் தோண்டி உயர்த்தி மேடுகளும் பள்ளங்களும் உண்டாக்கினார்கள். ஓடைகளையும் அருவிகளையும் ஓடவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பைன் மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். திடலுக்குள் நிற்பவருக்குப் பாலைவனம் கண்ணில் படாது. அமெரிக்காவின் கிழக்கே கரோலினா மலைப்பகுதியில் இருப்பதுபோலவே தோன்றும். முதலில் அதிபரின் விருந்தினர்களுக்கு மட்டுமாக இருந்த அது இன்று எம்.ஜி.எம். நிறுவனத்திடம் இருக்கிறது. 2018 நவம்பரில் டைகர் வுட்ஸும் ஃபில் மிக்கல்சனும் வென்றவருக்கே 90 லட்சம் டாலர் என்று ஆடியது இங்கேதான். 22ஆம் குழியில் மிக்கல்சன் வென்றார்.

ஷாடோ கிரீக்கின் கைவண்ணத்தைக் குறைசொல்ல இடமில்லை. திடல் செயற்கையானது என்பதும் குற்றமாகாது. 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு எழுந்த திடல்களில் மனிதர் கை படாதது அரிது. குறை வேறிடத்தில் இருக்கிறது. சாளரமற்ற கூடம் காலத்தை மறைக்கிறது. இந்தத் திடல் இடத்தை மறைக்கிறது. உள்ளதை உள்ளபடி ஏற்று ஆடு என்று சொல்லும் ஓர் ஆட்டத்துக்கு, உள்ளதைக் கண்ணில் படாமல் செய்த ஒரு மேடை போடப்பட்டிருக்கிறது. திறந்த வானத்தின்கீழ் இருந்தாலும் அது கசினோவின் இன்னோர் அறையே. கரோலினாவின் பைன் மரங்களிடையே ஆட விரும்புகிறவர் கரோலினாவுக்குப் போகலாம். அங்கே அவை தாமே வளர்கின்றன.

மறைத்தலுக்கு விலை உண்டு. அது தண்ணீரில் கணக்கிடப்படுகிறது. லாஸ் வேகாஸ் பிறந்ததே ஊற்றுகளால். தெற்குப் பையூட் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஊற்றுகளை நம்பி வாழ்ந்தார்கள். 1829 முதல் வணிகக் கூட்டங்கள் அவற்றருகே தங்கின. 1905இல் ரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டபோதும் அந்த நீரே மூலதனம். ஆழ்குழாய்கள் உறிஞ்ச உறிஞ்ச, 1962இல் ஊற்று நீர் தரைமட்டத்துக்கு வருவது நின்றுபோனது. இன்று நகரின் நீரில் ஏறக்குறைய 90 விழுக்காடு கொலராடோ ஆற்றிலிருந்து, ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரி வழியாக வருகிறது.

அந்த ஆறு ஏழு மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் பொது. 1922 உடன்படிக்கை மேல்படுகைக்கும் கீழ்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி என்று பிரித்தது. 1944 ஒப்பந்தம் மெக்சிகோவுக்கு 15 லட்சம் தந்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஏக்கர்-அடி, ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். நெவாடாவின் பங்கு வெறும் 3 லட்சம் ஏக்கர்-அடி. பங்கு போட்டவர்கள் ஈரமான ஆண்டுகளின் கணக்கை நம்பினார்கள். ஆறு அவ்வளவு ஓடவில்லை. படுகையின் பழங்குடிகளை அந்தப் பேச்சில் யாரும் உட்காரவைக்கவில்லை. 1960களிலிருந்து ஆறு பெரும்பாலும் கடலைச் சேர்வதே இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு முதன்முறையாக நீர்ப்பற்றாக்குறையை அறிவித்தது; 2022 ஜூலையில் மீட் ஏரி, 1930களில் நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்குத் தாழ்ந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. லாஸ் வேகாஸில் வீட்டுக்குள்ளும் விடுதிக்குள்ளும் பயன்படும் நீர் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஓடை வழியாக மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பிய அளவுக்கு நகரம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே குளியலறையில் ஓடும் நீர் பெரிய இழப்பன்று. வெளியே புல்லுக்குப் பாய்வது காற்றில் கலந்து போய்விடும். கோல்ஃப் திடல்களுக்கு, நீர் பாயும் ஒவ்வோர் ஏக்கருக்கும் ஆண்டுக்கு 6.3 ஏக்கர்-அடி என்றிருந்த வரம்பு 2024 முதல் 4 ஏக்கர்-அடியாகக் குறைக்கப்பட்டது. நான்கடி என்பது 48 அங்குலம். பெய்யும் மழையைப்போல் பதினோரு மடங்குக்கும் மேல். யாரும் நடக்காத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் ஆற்றுநீர் கிடையாது என்று 2021இல் மாநிலச் சட்டம் வந்தது. புதிய கோல்ஃப் திடல்களுக்கும் ஆற்றுநீர் மறுக்கப்படுகிறது.

திடல்களுக்காக வாதிடுவோர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆற்றின் நீரில் நெவாடா எடுப்பது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு; பெரும்பகுதி விவசாயத்துக்கு, அதிலும் கணிசமானது மாட்டுத் தீவனப் பயிர்களுக்குப் போகிறது. கோல்ஃபை அடியோடு நிறுத்தினாலும் ஆற்றின் நோய் தீராது. ஆனால் அளவு சிறியது என்பதால் மட்டும் ஒரு செயல் நியாயமாகிவிடாது. விவிலியத்தின் யாத்திராகமத்தில் பாலையில் விழுந்த மன்னா என்ற உணவைப் பற்றிய விதி இங்கே பொருந்துகிறது: அவரவர் தேவைக்கு ஏற்பச் சேர்க்கலாம்; மிகுதியாகச் சேர்த்து மறுநாளுக்கு வைத்தது புழுத்துப்போயிற்று. அந்த விதி உண்பதைத் தடுக்கவில்லை. பலருக்கும் பொதுவான, குறைவாகக் கிடைக்கிற ஒன்றில் அளவு பார்க்கச் சொன்னது. தீவனப் புல் ஒருவரின் பாலாகவும் இறைச்சியாகவும் ஆகிறது. ஷாடோ கிரீக்கின் அருவி பாலையை மறக்கச் செய்வதற்காக ஓடுகிறது. பொதுநீரில் இவ்விரண்டின் உரிமையும் சமமாக முடியாது. பெல்லாஜியோ விடுதியின் புகழ்பெற்ற நீரூற்றுகள் கூட, அந்த இடத்தில் முன்பிருந்த டூன்ஸ் விடுதியின் கோல்ஃப் திடலுக்காகத் தோண்டிய கிணற்று நீரில்தான் ஆடுகின்றன. பாலையின் அடியிலிருந்து எடுத்த நீர் திடலிலிருந்து வேடிக்கைக்குக் கைமாறியிருக்கிறது.

பாலையில் நீர் பாய்ச்சுவதே தவறு என்று சமயங்கள் சொல்லவில்லை. எபிரேய வேதத்தில் ஏசாயாவின் நூல், வறண்ட நிலம் பூத்துக் குலுங்கும் நாளை இறைவனின் மீட்புக்கு அடையாளமாகக் காட்டுகிறது. 1847இல் யூட்டாவில் குடியேறிய மார்மன் சமயத்தினர் இதை நேர்பொருளில் எடுத்துக்கொண்டார்கள். வாய்க்கால் வெட்டுவது அவர்களுக்கு இறைப்பணி. அவர்களின் தலைவர் பிரிகம் யங் அனுப்பிய சுமார் முப்பது பேர் 1855இல் லாஸ் வேகாஸ் ஓடைக்கரையில் மண்கோட்டை கட்டி, கால்வாய் வெட்டிப் பயிரிட்டார்கள். இரண்டாண்டில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அவர்களுடைய வழிவந்தோரின் தாயகமான யூட்டாவில் இன்றும் எல்லாச் சூதாட்டமும் தடை.

மற்றொரு மரபு பாலையைத் திருத்த முயலவில்லை. அதனிடம் கற்கப் போனது. இஸ்ரவேலர் நாற்பது ஆண்டு அலைந்ததும், இயேசு நாற்பது நாள் நோன்பிருந்ததும், மூன்று நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்தின் அந்தோனியார் போன்றோர் ஊரை விட்டு ஒதுங்கியதும் பாலையில். ஒளிந்துகொள்ள எதுவும் இல்லாத இடத்தில் மனிதர் தம் தேவை எது, வேட்கை எது என்று காண்பார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. பையூட் மக்களுக்கோ பாலை ஒரு சோதனைக்களமுமன்று, திருத்த வேண்டிய குறையுமன்று. நகருக்கு மேற்கே 3,600 மீட்டருக்குமேல் உயர்ந்த சார்ல்ஸ்டன் சிகரமும் அதைச் சூழ்ந்த மலைத்தொடரும் அவர்களின் தோற்றக் கதைகளில் மக்கள் பிறந்த இடம்.

இரண்டு மரபுகளில் எது சரி என்று தீர்ப்பதைவிட, கோல்ஃப் எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது பயன் தரும். உள்ளதை ஏற்று ஆடும் ஆட்டம் இரண்டாம் மரபுக்கே நெருக்கமானது. பாலையில் கோல்ஃப் ஆடுவதற்கு ஒரு நியாயம் இருக்குமானால், அது பாலை பாலையாகவே தெரியும் திடலில்தான் இருக்கும். அடிக்கும் இடமும் பந்து விழும் இடமும் மட்டும் பச்சையாக, இடையே கல்லும் கிரியசோட் புதரும் கிடக்கும் திடல்கள் அங்கே உண்டு. வழிதவறிய பந்து அங்கே மெய்யான பாலையில் போய் விழுகிறது. சூட்ஸ் சொன்ன தடை அங்கே அந்த மண்ணே தந்தது. புல்லைக் குறைத்தால் ஆட்டம் கெடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் திடலில் 2010–11இல் பல ஏக்கர் புல்லை அகற்றி மணலையும் காட்டுச்செடிகளையும் மீட்டார்கள். 2014இல் அமெரிக்க ஓப்பன் அங்கேயே நடந்தது.

லாஸ் வேகாஸில் இந்த நோக்கில் முதலில் எண்ணத்தக்கவை, நகருக்கு வடமேற்கே பையூட் பழங்குடியினர் நடத்தும் மூன்று திடல்கள். பீட் டை வடிவமைத்தவை. ஸ்னோ மவுண்டன், சன் மவுண்டன், வுல்ஃப் என்று பெயர். ஊற்றுகளை இழந்த மக்களுக்கு 1911இல் ஹெலன் ஸ்டூவர்ட் என்ற பண்ணை உரிமையாளர் வழியாக வெறும் 10 ஏக்கர் கிடைத்தது. 1983இல்தான் அமெரிக்க காங்கிரஸ் மூதாதையர் நிலத்தில் 3,800 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நிலத்தில் எழுந்த திடல்கள் இவை. புனித மலையின் அடிவாரத்தில் கோல்ஃபா என்று வெளியார் முகம் சுளிக்கலாம். இந்தத் திடல்களின் புல்லும் நீர் குடிப்பதுதான். ஆனால் தம் நிலத்தில் எதை வைத்துப் பிழைப்பது என்று முடிவு செய்யும் உரிமை, நூறாண்டு தாமதமாகத் திரும்பி வந்த உரிமை, அவர்களுடையது. அங்கே ஆடுகிறவர் செலுத்தும் கட்டணம் அந்த நிலத்துக்குரியவர்களிடம் போகிறது; திடலில் நிற்கும்போது மலையும் வெற்றுப் பாலையும் கண்ணிலிருந்து மறைவதில்லை. திரும்பி வரும் வழியில் சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் அறைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

காலத்தைப் பொறுத்தவரை அக்டோபர் பின்பகுதி முதல் நவம்பர் வரையிலும், மார்ச், ஏப்ரலிலும் வெயில் இதமாக இருக்கும். கோடையில் வளரும் பெர்முடா புல் குளிரில் பழுத்து உறங்கிவிடுவதால், பல திடல்கள் செப்டம்பர், அக்டோபரில் சில வாரம் மூடி, அதன்மேல் குளிர்காலப் புல்லை விதைக்கின்றன. விதைத்த புல் முளைக்க நிறைய நீர் வேண்டும். குளிர்காலத்தில் பழுப்பேறிய புல்லில் ஆட ஆட்டக்காரர்கள் மனம் ஒப்பினால் அந்த நீரில் ஒரு பங்கு மிஞ்சும். செயின்ட் ஆண்ட்ரூஸிலும் வறண்ட கோடைகளில் புல் பழுப்பேறும். யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. கோடையில் மலிவான கட்டணத்தைக் காட்டி அழைக்கும் திடல்களைத் தவிர்ப்பதே நலம். ஆட்டக்காரர் விடியலில் ஆடி முடித்துக் குளிரறைக்குத் திரும்பிவிடுவார். புல்வெட்டுகிறவரும் குழாய் பழுதுபார்க்கிறவரும் 45 டிகிரியில் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆக, சூதாட்ட விடுதியின் உபசாரமாக வரும் கோல்ஃபுக்கும், பாலையை மறைத்த திடலுக்கும் கடல்கடந்து போவது தகாது. பாலையையே காண விரும்பி, அங்கே நடப்பதோடு ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறவருக்கு, குளிர்ந்த மாதங்களில், குறைந்த புல்லுள்ள திடல்களில் அது தகும். இந்த விடை நிலையானதன்று. கொலராடோ ஆற்றின் பற்றாக்குறைக் காலத்துக்காக 2007இல் வகுத்த நடைமுறை விதிகள் 2026 முடிவில் காலாவதியாகின்றன. அவற்றுக்குப் பின் வரும் பங்கீட்டைப் பொறுத்துத் திடல்களின் நீர்வரம்பு இன்னும் இறங்கலாம். அப்போது புல் சுருங்கி மணல் விரியும் திடல்களும், மூடப்படும் திடல்களும் இருக்கும். எந்தத் திடல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அறிந்த பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டியிருக்கும்.